செஞ்சிக் கோட்டைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் விடுமுறைச் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காலையில் சென்னையில் கிளம்பி, செஞ்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திருவண்ணாமலை, மாலையில் சாத்தனூர் அணை, இரவு வீடு என்று அதில் ஒரு திட்டம் போட்டிருந்தது. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அதை நம்பிப் பிள்ளைகுட்டிகளோடு கிளம்புகிறவர்கள் நான் வேலை பார்க்கும் பேருந்தில்தான் வந்து ஏறுவார்கள். அதனால் என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் செஞ்சிக்காரன். அரசுப் பேருந்தில் நடத்துநர். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை என்று இந்தத் தடத்திலேயே என் சர்வீஸில் பெரும்பகுதி போய்விட்டது. எங்கள் சாலை கோட்டைக்குப் பக்கமாகப் போவதில்லை, கோட்டைக்குள்ளேயே புகுந்து போகிறது. செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து திருவண்ணாமலை பக்கம் 2 கிலோமீட்டர் போனால் வலது கைப்பக்கம் கிருஷ்ணகிரி, இடது கைப்பக்கம் ராஜகிரி. ஊரில் ராணிக்கோட்டை, ராஜாக்கோட்டை என்றுதான் சொல்வோம். அந்த இடம் வந்ததும் அதுவரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். "கண்டக்டர், கோட்டை எத்தனை மணிக்கு மூடுவாங்க? ஒரு மணி நேரத்துல பார்த்துட்டு அடுத்த வண்டியைப் பிடிச்சிடலாமா?" என்று கேட்பார்கள். முடியாது என்பதுதான் பதில். அதைப் பேருந்தில் விளக்கிச் சொல்ல எனக்கு நேரம் இருப்பதில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். சந்திராயன் துர்க்கம் என்றும் மூன்றாவதைச் சொல்வார்கள். மூன்றையும் சேர்த்து வளைத்த மதில் சுமார் 13 கிலோமீட்டர். அகழி சில இடங்களில் 80 அடி அகலம். ராஜகிரியின் உயரம் 800 அடி. கீழ்க்கோட்டையில் இருக்கிற கல்யாண மஹால், களஞ்சியங்கள், குதிரை லாயம், ஆனைக்குளம், மசூதி, வெங்கடரமணர் கோயில் இவற்றை மட்டும் நிதானமாகப் பார்க்கவே அரை நாள் வேண்டும். மலை ஏறி இறங்குவது இன்னொரு அரை நாள். இரண்டையும் மூன்று மணி நேரத்தில் அடக்கச் சொன்னால் என்ன ஆகும்? வாசலில் நின்று நான்கு போட்டோ எடுத்துவிட்டு, "செஞ்சியில ஒண்ணும் பெருசா இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வண்டியில் ஏறுவார்கள். இதைக் காதால் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கிறது.

எந்த நாளில் வருவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் காலண்டரை எடுத்துப் பௌர்ணமியும் அமாவாசையும் எப்போது என்று பாருங்கள். வெளியூர்க்காரர்கள் யாரும் யோசிக்காத விஷயம் இது. பௌர்ணமியன்று சென்னை, பாண்டிச்சேரி பக்கத்திலிருந்து திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற கூட்டத்தில் பெரும்பகுதி இந்தச் சாலையில்தான் போகும். சென்னை, பாண்டிச்சேரி, திண்டிவனம் வண்டிகள் எல்லாம் கிளம்பும் இடத்திலேயே நிரம்பிவிடும். நடுவில் செஞ்சியில் ஏறவும் முடியாது, கோட்டையில் கை காட்டினால் நிறுத்தவும் முடியாது. நிறுத்தினாலும் படியில் தொங்கத்தான் இடம் இருக்கும். சித்ரா பௌர்ணமியையும் கார்த்திகை தீபத்தையும் சொல்லவே வேண்டாம், அதற்கு முந்தின நாளும் மறுநாளும் சேர்த்து விட்டுவிடுங்கள். அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம். அதற்குப் போகிற ஜனமும் செஞ்சி பேருந்து நிலையத்தில்தான் இறங்கி வண்டி மாறும். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் பேருந்து நிலையத்தில் ஒரு குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதே பெரும்பாடு. அம்மனையோ அண்ணாமலையாரையோ பார்க்க வருகிறவர்கள் அந்த நாட்களில் வரட்டும், அது அவர்கள் நாள். கோட்டைக்காக வருகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் பையன்களும் வேன்களில் வரும் கூட்டமும் அதிகம்.

மாதம் என்று பார்த்தால் கார்த்திகை கடைசியிலிருந்து மாசி வரை. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்திருந்தால் அகழியிலும் குளங்களிலும் தண்ணீர் நிற்கும், மலை பச்சையாக இருக்கும். தண்ணீர் இல்லாத செஞ்சியைப் பார்ப்பது பாதிக் கோட்டையைப் பார்ப்பதுதான், அதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் தயவுசெய்து மலை ஏறத் திட்டம் போடாதீர்கள். முழுக்க முழுக்கக் கருங்கல் பாறை. பத்தரை மணிக்கே சூடு செருப்பைத் தாண்டி ஏறும். ஆனால் பள்ளி விடுமுறை அந்த மாதங்களில்தான் வருகிறது, கூட்டமும் அப்போதுதான் வருகிறது. போன கோடையில் ஒரு குடும்பம் மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் என் வண்டியிலிருந்து கோட்டையில் இறங்கியது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு பாட்டி. கையில் ஒரே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். நான்கு மணிக்கு நான் திரும்பி வரும்போது சாலையோரப் புளியமரத்தடியில் அந்தப் பாட்டி படுத்திருக்கிறார், சின்னவன் வாந்தி எடுத்து ஓய்ந்து அம்மா மடியில் கிடக்கிறான். அவர்கள் பார்த்தது கல்யாண மஹாலை மட்டும்தான், அதுவும் தூரத்திலிருந்து. அந்தத் தாய் என்னிடம், "யாருமே சொல்லலையேண்ணா" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். யாரும் சொல்வதில்லை.

சரி, எப்படி வருவது? ரயிலில் வருகிறவர்களுக்குத் திண்டிவனம்தான் கிட்டத்து ஸ்டேஷன். அங்கிருந்து 28 கிலோமீட்டர், பேருந்தில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை போடுவதாக அறிவித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. என் மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் பேச ஆரம்பித்தது, இப்போது அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. பாதை மட்டும் இன்னும் வரவில்லை. சென்னையிலிருந்து நேர் பேருந்து என்றால் கிளாம்பாக்கத்தில் செஞ்சி வழியாகப் போகும் திருவண்ணாமலை வண்டியில் ஏறுங்கள். விடியற்காலையில் ஏறினால்தான் நல்லது. எட்டு மணிக்கு மேல் அங்கே ஏறினால் உச்சி வெயிலில் இங்கே இறங்குவீர்கள். பாண்டிச்சேரியிலிருந்து வந்தால் 70 கிலோமீட்டர், திருவண்ணாமலையிலிருந்து 40-க்குள். முந்தின நாள் இரவே செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ வந்து தங்கிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. செஞ்சி பெரிய ஊர் இல்லைதான், ஆனாலும் தங்கும் விடுதி இருக்கிறது. காலையில் பேருந்து நிலையத்துக்கு எதிரே சூடாக இட்லி கிடைக்கும். அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் கோட்டை.

ஏறும்போது எங்கே இறங்க வேண்டும் என்று நடத்துநரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். "செஞ்சி" என்று டிக்கெட் எடுத்தால் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். கோட்டையில் எல்லா வண்டியும் நிற்காது. விரைவு வண்டி என்றால் பேருந்து நிலையத்திலேயே இறங்கி ஆட்டோ பிடிப்பதுதான் சரி.

காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலையில் ஏற விடுவதில்லை. இந்த மூன்று மணிக் கணக்கு தெரியாமல் ஏமாந்து திரும்புகிறவர்களை வாரக் கடைசியில் எல்லாம் பார்க்கிறேன். கிளம்புவதற்கு முன் நேரத்தையும் கட்டணத்தையும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள், இவை அவ்வப்போது மாறும். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மறுபக்கம் கிருஷ்ணகிரிக்குப் போனாலும் கேட்பார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு மலை. இதில் பிடிவாதமாக இருங்கள். முதல் தடவை வருகிறவர்கள், முழங்கால் நன்றாக இருக்கிறவர்கள், ராஜகிரிக்குப் போங்கள். வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் இருந்தால் அவர்களைக் கீழே கல்யாண மஹால் பக்கம் புல்தரையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறலாம், ஒருவர் துணைக்கு இருக்கட்டும். கிருஷ்ணகிரி உயரம் குறைவு, ஏறுவது சுலபம். மேலே குவிமாடம் வைத்த ஒரு சபா மண்டபம் இருக்கிறது, சாளரத்தில் உட்கார்ந்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். ராஜகிரியின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமானால் கிருஷ்ணகிரியின் மேலிருந்துதான் பார்க்க வேண்டும். சந்திரகிரிக்குப் பாதை சரியாக இல்லை, முள்ளும் புதரும். தனியாகப் போகாதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். மேலே வாங்குவதற்குக் கடை கிடையாது. கழிவறையும் கீழே மட்டும்தான், பெண்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் கேட்டாலே குரங்குகள் இறங்கி வந்துவிடும், குழந்தை கையிலிருந்து பிடுங்கும்போது நகம் பட்டுவிடும். முதுகுப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். இவ்வளவுதான் தயாரிப்பு.

ராஜகிரி ஏறுவதற்கு ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும். பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். இந்த மலைக்கு முன்பு கமலகிரி என்றே பெயர் இருந்திருக்கிறது. கோட்டைக்கு எத்தனையோ ராஜாக்கள் வந்து போனார்கள், அம்மன் மட்டும் அங்கேயேதான் இருக்கிறாள். சித்திரையில் இப்போதும் திருவிழா நடக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் அம்மனுக்காகத்தான் மலை ஏறுவார்கள், கோட்டைக்காக இல்லை. அங்கே பத்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு அப்புறம் ஏறுங்கள். அதற்குமேல்தான் படிகள் செங்குத்தாகும்.

உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னால் பாதை சட்டென்று அறுந்துபோகும். இந்தப் பக்கம் ஒரு பாறை, அந்தப் பக்கம் உச்சிப் பாறை, நடுவில் ஒரு பிளவு. 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்தில் அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், கீழே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் மேலே ஒருவனும் வர முடியாது. பாலத்தின் நடுவில் நின்று கீழே பாருங்கள். பாறையின் இரண்டு பக்கமும் எவ்வளவு வழுவழுப்பாக இறங்குகிறது என்று பாருங்கள். இந்தக் கோட்டையை ஏன் லேசில் பிடிக்க முடியவில்லை என்பது யாரும் சொல்லாமலேயே விளங்கிவிடும். கட்டுரையாளர் சொன்ன திட்டப்படி வருகிறவர்கள் இந்தப் பாலத்தைப் பார்க்கவே போவதில்லை. அதுதான் என் பெரிய வருத்தம்.

மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், வெடிமருந்துக் கிடங்கு, ஒரு பீரங்கி. நான்கு பக்கமும் வயல்களும் ஏரிகளும் பாறைக் குன்றுகளும். அங்கே நின்றுகொண்டு 1690-ஐ நினைத்துப் பாருங்கள். சிவாஜி 1677-இல் பிடித்துப் பலப்படுத்திய கோட்டை இது. அவர் மூத்த மகன் சம்பாஜி 1689-இல் கொல்லப்பட்டபின் இளைய மகன் ராஜாராம் தன் நாட்டில் தங்க முடியாமல் மாறுவேடத்தில் இவ்வளவு தூரம் தப்பி வந்து, இந்த மலையில் உட்கார்ந்துகொண்டுதான் மராட்டிய ராஜ்யத்தை நடத்தினார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் வந்து முற்றுகை போட்டார். 1698-இல்தான் கோட்டை அவர் கைக்கு வந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். கிட்டத்தட்ட எட்டு வருஷம். இவ்வளவு காலம் உள்ளே இருந்தவர்கள் எப்படித் தாக்குப் பிடித்தார்கள்? மதில் மட்டும் போதுமா?

நான் தண்ணீரைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். மலைமேல் வற்றாத சுனை. பாறைச் சரிவில் வழியும் மழைத்தண்ணீரை ஆங்காங்கே தேக்கிய பள்ளங்கள். மலையடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம். உள்கோட்டையில் ஆனைக்குளம். கல்யாண மஹாலின் மேல்மாடிகளுக்கே மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். மலையில் இறங்கி வரும்போது தண்ணீர் எங்கே விழுந்து, எந்தச் சரிவில் ஓடி, எந்தக் குளத்தில் சேர்ந்திருக்கும் என்று கண்ணாலேயே பின்தொடர்ந்து பாருங்கள். பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகவே வைக்கலாம். என் பேரனுக்கு ராஜாக்கள் பெயர் ஒன்றும் நினைவில் இல்லை, ஆனால் எந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவான். தண்ணீரோடு நெல்லும் வேண்டும். களஞ்சியத்துக்குள் நுழைந்து சுவரின் கனத்தை உங்கள் கையாலேயே அளந்து பாருங்கள். இரண்டு கையையும் நீட்டினாலும் சுவர் மிச்சம் இருக்கும். உள்ளே வெளியில் அடிக்கிற வெயிலே தெரியாது. எங்கள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இன்றைக்கும் நெல் மூட்டைகள் மலை மாதிரி குவிகின்றன. இந்த மண்ணில் அப்போதும் நெல் விளைந்திருக்கிறது, அதனால்தான் அவர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள் என்பது என் எண்ணம்.

அப்படிப்பட்ட கோட்டையை 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1761-இல் ஆங்கிலேயரிடம் போனது. அதோடு செஞ்சியின் ராஜாங்க வாழ்வு முடிந்தது. பாண்டிச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்கள் எங்கள் வெங்கடரமணர் கோயிலிலிருந்து போனவை என்று சொல்வார்கள். பாண்டிச்சேரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் அந்தத் தூண்களின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை அப்படியே இரண்டு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து இங்கே வந்து, அந்தக் கோயில் கோபுர வாசலில் உள்ள சிற்பங்களைப் பாருங்கள். உள்ளே நுழையும்போது இரண்டு பக்கச் சுவரையும் கவனிக்காமல் போகாதீர்கள். ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைவதும் சிறு சிறு கட்டங்களாக இருக்கின்றன. எல்லாரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தேசிங்கு ராஜாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊரில் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 1714-இல் ஆற்காட்டு நவாப் சாததுல்லா கானின் பெரும்படையை எதிர்த்துச் சிறு படையோடு போய் மடிந்தவர். வயது இருபத்திரண்டு என்பார்கள். அவர் நண்பர் மகபத்கான் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்கு வந்தார் என்று கூத்தில் பாடும்போது பெரியவர்கள் இன்றைக்கும் அழுவார்கள். தேசிங்கை எரித்த இடம், அவர் மனைவி உடன்கட்டை ஏறிய இடம் என்று செட்டிக்குளத்தின் பக்கத்தில் காட்டுவார்கள். அந்தப் பெண்ணின் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்று சொல்வது வழக்கம். அந்த நவாப் கட்டிய மசூதியும் இதே கோட்டைக்குள் நிற்கிறது. அம்மனும் ரங்கநாதரும் நவாபின் மசூதியும் மராட்டியர் பலப்படுத்திய மதிலும் ஒரே வளாகத்தில். இதை ஒரு பிள்ளைக்குக் காட்டுவதற்கு இந்த மாவட்டத்தில் வேறு இடம் ஏது?

இரண்டாம் நாள் தங்க முடிந்தவர்களுக்கு, கோட்டைக்கு வடக்கே சில கிலோமீட்டரில் சிங்கவரத்தில் பாறையைக் குடைந்து செதுக்கிய ரங்கநாதர் இருக்கிறார். திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டு. விழுப்புரம் வழியாகத் திரும்புகிறவர்கள் மண்டகப்பட்டில் இறங்கலாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டினேன் என்று மகேந்திரவர்மன் பெருமையாகப் பொறித்து வைத்த குகைக்கோயில் அது. கிளை பிரிந்து போகும் டவுன் பஸ்களுக்கு நேரம் கேட்டுக்கொண்டு போங்கள்.

இனி, பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு.

செஞ்சிக் கோட்டை 1921-லிருந்து தேசியச் சின்னம். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று மட்டும் இங்கே. அதற்கப்புறம் புனேயிலிருந்தும் கோலாப்பூரிலிருந்தும் வருகிறவர்களை என் வண்டியில் பார்க்கிறேன். சமீபத்தில் ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் காவிக் கொடி சுற்றிய ஒரு சின்னக் கம்பு. கோட்டையில் வண்டியை நிறுத்தி அவரை இறக்கிவிட்டேன். இறங்கியவர் நேராகச் சாலையோரத்து மதிலிடம் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஓட்டுநர் அண்ணன் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இப்படி வருகிற மனிதருக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? பேருந்து நிலையத்தில் கோட்டைக்கு எப்படிப் போவது என்று ஒரு பலகை இல்லை. மூன்று மணிக்கு மேல் ஏற முடியாது என்பதை அவர் டிக்கெட் வாங்கும் இடத்துக்கு வந்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

என் முதல் கோரிக்கை, விடிந்ததும் கோட்டையைத் திறக்க வேண்டும். மாமல்லபுரத்தில் காலை ஆறு மணிக்கே உள்ளே விடுகிறார்கள். அங்கே கடற்காற்றில் சமதரையில் நடக்கிறோம். இங்கே 800 அடி பாறை ஏற வேண்டும், இங்கே ஒன்பது மணி! ஆறு மணிக்குத் திறந்தால் கோடையில்கூட எட்டு மணிக்கு உச்சியில் இருக்கலாம், பத்து மணிக்குள் இறங்கிவிடலாம், பள்ளி விடுமுறையில் வருகிற குழந்தைகளும் மலையைப் பார்க்கலாம். காவலர்களைக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும், செலவுதான். வருஷம் முழுவதும் வேண்டாம், பங்குனியிலிருந்து ஆவணி வரைக்குமாவது செய்யட்டும்.

அடுத்தது, அறிவிப்பு. செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை, கிளாம்பாக்கம் பேருந்து நிலையங்களில் தமிழிலும் மராத்தியிலும் ஒரு பலகை. திறக்கும் நேரம், மலை ஏறக் கடைசி நேரம், கோட்டையில் எந்த வண்டி நிற்கும், இவை மட்டும் இருந்தால் போதும். கமலக்கண்ணி அம்மன் கோயில் பக்கத்தில் ஒரு குடிதண்ணீர்த் தொட்டி. இது ஒன்றும் பெரிய காரியம் இல்லை, திருவிழாவுக்கு ஊர்க்காரர்களே மோர்ப்பந்தல் போடுகிறார்கள். அப்புறம், கோட்டை நிறுத்தத்தில் ஒரு நிழற்குடை. மலை இறங்கி வந்தவர்கள் வெயிலில் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுதான் வண்டிக்குக் கை காட்டுகிறார்கள். லாரிகள் வேகமாகப் போகிற சாலை, வண்டியின் முன்படியில் நிற்கிற எனக்கே பதறுகிறது.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. சுற்றுலா பேருந்தில் ஒரே நாளில் நான்கு ஊர் காட்டுகிறோம் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இந்த மாவட்டத்துப் பிள்ளைகளை அரசுப் பேருந்திலேயே காலையில் கூட்டி வந்து, மாலை வரை இந்த ஒரு கோட்டையில் விடுங்கள். சுவரில் பெயர் கிறுக்கக் கூடாது என்பதை மட்டும் வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் நாளிதழிடமும் ஓர் உதவி கேட்கிறேன். அந்தச் சுற்றுலாக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டால் நல்லது. சாத்தனூர் அணையையும் திருவண்ணாமலையையும் வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாதம் தோறும் எங்கள் பதிப்பில் கிரிவல நேரம் போடுகிறீர்கள் அல்லவா, அதன் கீழேயே கோட்டை திறக்கும் நேரத்தையும் மலை ஏறும் கடைசி நேரத்தையும் இரண்டு வரியில் சேர்த்துப் போட்டால், அதைக் கத்தரித்து எங்கள் வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நானே ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவர்,
செஞ்சி, விழுப்புரம் மாவட்டம்